பால்முள்

ஆவாரேந்தலில் முள் குத்தாத காலும் கிடையாது, முள் குத்திவிட்டதே என்று உட்கார்ந்து அழுகிற ஆளும் கிடையாது. ஊரைச் சுற்றி நாலு திக்கும் சீமைக்கருவேலங்காடு, அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால்தான் அந்த ஊரில் உலை கொதிக்கும், ஆகையால் நாகஜோதி தன் தலைப்பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துச் சேலையைச் சரிசெய்தபோது மடியில் ஒரு முள் கிடந்ததை அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் மாமியார் சீனியம்மாவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"கரி மூட்டம் போடுறவன் வீட்டுல முள்ளு கெடக்காம முத்தா கெடக்கும்?" என்று சொல்லிக்கொண்டே சீனியம்மா அதை விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளிவிட்டாள்.

அடுத்த தடவை பால் கொடுத்தபோதும் ஒரு முள் கிடந்தது, அதற்கடுத்த தடவையும் கிடந்தது. மூட்டத்திலிருந்து வந்த மகன் கருமலையானைச் சீனியம்மா வாசலிலேயே நிறுத்தி, கைலியை உதறிவிட்டு உள்ளே வா, பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு என்று ஏசினாள். அவன் உதறினான். ஒன்றும் விழவில்லை. அப்புறம்தான் மூன்று பேரும் அந்த முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். கருவேல முள் காய்ந்து வெளுத்திருக்கும், தொட்டால் சொரசொரக்கும். இது இளம்பச்சையாக, வழுவழுவென்று, நெய்யில் முக்கி எடுத்ததைப்போல மினுங்கியது. பார்த்தார்கள், சரி என்று வைத்துவிட்டார்கள். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

நாகஜோதிக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பிள்ளை அனுசுயா வாயை வைத்து இழுத்ததும் காம்பிலிருந்து முதுகுவரைக்கும் ஒன்று குத்தி இறங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடுவாள், பிள்ளை வாயை எடுக்கும்போது அந்தக் குத்து உருவிக்கொண்டு வெளியே வரும், கண்ணைத் திறந்தால் மடியில் முள் கிடக்கும். ஆனால் அவள் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் அவளுக்குப் பேரே கிடையாது, கருமலையான் பொண்டாட்டி, சீனியம்மா மருமகள், அவ்வளவுதான். யார் எது கேட்டாலும் தலையை ஆட்டுவாள், ரொம்பக் கேட்டால் "ம்" என்பாள். ஒரே ஒரு தடவை, புருஷனின் அக்காள் பஞ்சவர்ணத்திடம் மட்டும் வாயைத் திறந்தாள்.

"மதினி, எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்குமா?"

"மொதப் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும். எனக்கெல்லாம் ஒரு வாரம். அப்புறம் பழகிப்போச்சு."

நாகஜோதிக்கு ஒரு வாரமும் போயிற்று, மாதமும் போயிற்று, பழகவில்லை. விளக்கெண்ணெய் தடவச் சொன்னார்கள், தடவினாள். வெண்ணெய் என்றார்கள், அதுவும் தடவினாள். தாய்ப்பாலையே தொட்டு வைத்துக் காற்றில் காயவிடு என்றாள் எதிர்வீட்டுக்காரி, கதவைச் சாத்திக்கொண்டு அதையும் செய்தாள். புண் ஆறுவதற்குள் அடுத்த பசி வந்துவிடும். தொட்டிலில் பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டாலே தாய்க்குப் பால் ஊறும் என்பார்கள், அவளுக்கும் ஊறியது, பாலோடு சேர்ந்து பயமும் ஊறியது. பெற்ற பிள்ளையின் வாயைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது வலியில்லாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பால் குடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்கு அந்நேரம் வேறு ஆசை கிடையாது.

பஞ்சவர்ணத்தின் மகள் கோபிகாவுக்குக் காதில் தோடு தொலைந்து போய், துளை தூர்ந்துகொண்டு வந்தது. அந்த ஊரில் துளை தூர்ந்தால் வேப்பங்குச்சியைச் செருகிவிடுவார்கள், செருகுவதற்குள் பிள்ளை தெருவையே கூட்டிவிடும். பஞ்சவர்ணம் மகளைக் கால்களுக்கிடையில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு குச்சியைத் தேடினாள், குச்சி எங்கோ உருண்டுவிட்டது. அப்போதுதான் நாகஜோதி பால் கொடுத்து எழுந்திருந்தாள், பாயில் முள் கிடந்தது. ஆத்திர அவசரத்துக்குப் பஞ்சவர்ணம் அதை எடுத்து மகள் காதில் ஒரே அமுக்காக அமுக்கினாள். கோபிகா முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"எம்மா, செருகப் போறியா இல்லையா? எனக்கு விளையாடப் போகணும்."

"செருகியாச்சுடி!"

பஞ்சவர்ணம் தன் காதிலும் ஒரு முள்ளைக் குத்திப் பார்த்தாள். உள்ளங்கையில் குத்தினாள். தம்பி கருமலையான் தூங்கும்போது அவன் தொடையில் குத்தினாள், அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதற்குள் தெருவே வந்து முற்றத்தில் நின்றது.

காது குத்துகிற சோமு ஆசாரியைச் சந்தைக்கடையிலிருந்து கூட்டிவந்து காட்டினார்கள். அவர் முள்ளை மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார்.

"நாரத்தை முள்ளு மாதிரில்ல இருக்கு. முன்னாடியெல்லாம் இதுலதான் காது குத்துவாக. இந்தச் சீமையில நாரத்தை மரம் ஏது?"

"மரம் எதுக்கு ஆசாரி? எங்க மருமக இருக்கா" என்றாள் சீனியம்மா.

ஏன் வலிக்கவில்லை என்பதற்குப் பஞ்சவர்ணமே விளக்கம் சொன்னாள். முள்ளென்றால் அதற்குள் ஒரு குத்து வலிதான் இருக்கும், அதை நாகஜோதி முன்கூட்டியே வாங்கிவிட்டாள், வாங்கினபிறகு மற்றவர்களுக்குக் கொடுக்க அதில் என்ன மிச்சமிருக்கும்? எல்லோரும் ஆமாம், அதானே என்றார்கள். பானையிலிருந்து தண்ணீரை மொண்டுவிட்டால் பானை காலியாகிறது, அதில் என்ன ஆச்சரியம்? அதற்குப்பிறகு முள் ஏன் விழுகிறது என்று ஆவாரேந்தலில் ஒருவரும் கேட்கவில்லை. எப்போது விழும் என்று கேட்டார்கள். அதற்குப் பால்முள் என்று பேரும் வைத்தார்கள்.

பால்முள்ளால் பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள், பெரியமனுஷியான பெண்களுக்கு மூக்குக் குத்தினார்கள், பழுத்த கட்டியைக் கீறிவிட்டார்கள், காலில் ஒடிந்துபோன கருவேல முள்ளைத் தோண்டி எடுத்தார்கள். கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையாக வரவில்லை. முட்டை கொண்டு வந்தார்கள், பால் சுரக்கும் என்று கருவாடும் பூண்டும் கொண்டு வந்தார்கள், முருங்கைக்கீரையை வாசலில் குவித்துவிட்டுப் போனார்கள். குடிதண்ணீர் லாரி வந்தால் "நாகஜோதி, நீ பிள்ளையப் பாருத்தா, ஒன் குடத்த நாங்க பிடிச்சுத் தர்றோம்" என்றார்கள். நாகஜோதி, நாகஜோதி என்று தெருவெல்லாம் தன் பேர் கேட்பதை அவள் சுவருக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பின்னால் நினைத்து நினைத்து நெஞ்சு எரிந்ததெல்லாம் அந்தப் பிடித்திருந்ததை நினைத்துத்தான்.

ஏனென்றால் காம்பு வெடித்து ரத்தம் கசிகிற அன்று முள் நீளமாக விழும், கொஞ்சம் ஆறியிருக்கிற அன்று குட்டையாக விழும். இதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது.

"எப்படித்தா இருக்கு இன்னைக்கு?" என்று பெண்கள் வாசலில் நின்று கேட்பார்கள்.

"இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல" என்பாள்.

"அப்படியா" என்பார்கள். முகம் வாடிவிடும்.

"நேத்து முள்ளு என்னா நீளம்! அப்படி ஒண்ணு குடுத்தா எங்க வீட்டு எளையவளுக்கு மூக்குக் குத்திருவோம்" என்பாள் எதிர்வீட்டுக்காரி. சொல்கிறவள் கெட்டவள் கிடையாது, அவள்தான் அன்றைக்குக் குடத்தைத் தூக்கி வந்தவள்.

கார்த்திகை மாதம் மழை விட்ட ஒரு காலையில் ஜெசிந்தா நர்சம்மா தடுப்பூசி போட ஸ்கூட்டியில் வந்தார். அனுசுயாவுக்கு ஊசி போட்டதும் அது வீரிட்டு அழுதது, வாய் நன்றாகத் திறந்தது. நர்சம்மா குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. சுட்டுவிரலை நாக்குக்கு அடியில் விட்டுத் தூக்கிப் பார்த்தார். நாக்கின் நுனி மேலே எழும்பாமல், நடுவில் யாரோ நூல் கட்டி உள்ளே இழுப்பதைப்போல இரண்டாகப் பிளந்து நின்றது.

"பால் குடிக்கையில ஒனக்கு வலிக்குமே?"

நாகஜோதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவரை ஒருவரும் அதைக் கேள்வியாகக் கேட்காமல் தெரிந்த விஷயமாகவே பேசி வந்தார்கள்.

"நாக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. அதான் பிள்ளை நாக்கால உறிஞ்ச முடியாம ஈறால கடிச்சு இழுக்குது. டவுன்ல டாக்டர்கிட்ட காட்டுனா அந்தச் சவ்வைச் சின்னதா நறுக்கி விட்ருவாங்க. அங்கேயே ஒக்காந்து பால் குடுக்கலாம்."

"நாக்குல கத்தியா?" என்றாள் சீனியம்மா.

"பயப்படாதீங்கம்மா. ஆனா தள்ளிப் போடாதீங்க. இப்படியே விட்டா பிள்ளையும் சரியா குடிக்காது, பாலும் வத்திக்கிட்டே வரும். அப்புறம் அதுவே மாரைத் தொடாது."

"நறுக்குனா வலி நின்னுருமா?" நாகஜோதி கேட்டது அவளுக்கே கேட்கவில்லை. நர்சம்மாவுக்குக் கேட்டது.

"நின்னுரும்."

நர்சம்மாவின் ஸ்கூட்டி கண்மாய்க்கரை திரும்புவதற்குள் விஷயம் தெருக்கோடிவரை போய்விட்டது. வலி நின்றால் முள்ளும் நின்றுவிடும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருகிற மாசிக் களரி வேறு வருஷங்களைப்போலக் கிடையாது. ஏதேதோ தடங்கலால் நின்றுபோயிருந்த அந்தக் குலசாமி கும்பிடு இந்த வருஷம்தான் கூடிவந்தது, திருப்பூரிலும் கேரளாவிலும் இருக்கிற பங்காளிகள் அத்தனை பேரும் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள், அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான். வலிக்காத முள் இருக்கிறது என்று ஏற்கெனவே எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. சீனியம்மா ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மஞ்சள்தூள் போட்டு, முள்ளை அதில் சேர்த்து வந்தாள்.

கோயில் பூசாரி முன்னால் கூடினார்கள். அது பஞ்சாயத்தும் இல்லை, சண்டையும் இல்லை. யாரும் அவளை அதட்டவில்லை. வா நாகஜோதி, உக்காரு நாகஜோதி என்று பாய் விரித்து உட்காரவைத்தார்கள், ஒருத்தி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், கைப்பிள்ளையை இன்னொருத்தி வாங்கி வைத்துக்கொண்டாள்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லத்தா. ஒன் ஒடம்பு, ஒன் பிள்ளை. களரி வரைக்கும்தான் கேக்குறோம். கும்பிடு முடிஞ்ச மறுநாளே வண்டி பிடிச்சு டவுனுக்கு அனுப்பி வைக்கிறோம். இத்தனை பிள்ளைக அழுகாம காது குத்திக்கிட்டா அந்தப் புண்ணியம் ஒன் பிள்ளைக்குத்தானே? பொறுத்துக்கிருவியா?" என்றார் பூசாரி.

அவள் வீட்டிலிருந்து வரும்போதே ஒரு வார்த்தையைக் கூட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். எனக்கு ரொம்ப வலிக்குது, நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் நிமிர்ந்து பார்த்தாள். சுற்றி எல்லா முகமும் பிரியமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, அத்தனை பிரியத்தை அவள் பிறந்த வீட்டிலும் கண்டதில்லை. ஆம்பளைகள் பக்கம் பார்த்தாள். கருமலையான் உள்ளங்காலைத் திருப்பி வைத்துக்கொண்டு, இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருந்தான்.

நாகஜோதி தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவன் சொன்னான்: "நீ முடியாதுன்னு சொல்லிருவேன்னு நெனச்சேன்."

"நீங்க சொல்லுவீகன்னு நான் நெனச்சேன்" என்றாள்.



மார்கழியில் பால் குறைந்தது. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கோபத்தில் முகத்தைப் பின்னுக்கு வெட்டும், அந்த வெட்டில் விழுகிற முள் விரல் நீளம் இருக்கும். பசியோடு பிள்ளையை விடமுடியாது என்று சீனியம்மா டவுனிலிருந்து புட்டி வாங்கிவரச் சொன்னாள், பவுடர்பால் கரைத்து ஊட்டினாள்; புட்டியில் ரப்பரை லேசாக மென்றாலே பால் சொட்டியது, ஒட்டிய நாக்குக்கு அது சுகமாக இருந்தது. பகலெல்லாம் புட்டி, முள்ளுக்காக மட்டும் தாயின் மார் என்று ஆகிவிட்டது.

"பாட்டில் பிள்ளைக்கு, நாகஜோதி ஊருக்கு" என்று பஞ்சவர்ணம் ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நாகஜோதியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றாள்.

மாசிக் களரி வந்தது. பந்தல் போட்டு, கிடாய் வெட்டி, மேளம் முழங்க, மொட்டை போட்ட தலைகளில் சந்தனம் பூசி, தாய்மாமன்மார் வரிசையாகப் பட்டுத்துண்டு விரித்து உட்கார, அவரவர் மடியில் அவரவர் அக்காள் தங்கச்சி பிள்ளைகள் உட்கார, சோமு ஆசாரி ஜாடியிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துக் குத்திக்கொண்டே வந்தார், பின்னாலேயே அவர் மகன் கம்மலைத் திருகிக்கொண்டே வந்தான். ஒரு பிள்ளைகூட அழவில்லை. வாயில் வாழைப்பழத்தோடு ஒரு பிள்ளை, மாமன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பிள்ளை, தூங்கிக்கொண்டே ஒரு பிள்ளை. அழுகைச் சத்தத்தை அமுக்குவதற்காகத்தான் காதுகுத்தில் மேளத்தை வேகமாக அடிப்பார்கள். அமுக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் மேளக்காரர்களுக்கு எப்போது வேகமாக அடிப்பது என்று தெரியாமல் போயிற்று, கடைசியில் அடிப்பதையே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த அமைதி கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கடைசியாக அனுசுயா. நாகஜோதியின் தம்பி அவளை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி குத்தினார்.

அனுசுயா மட்டும் அழுதது.

உடம்பெல்லாம் சிவந்து, மூச்சு நின்று நின்று அழுதது. "என்னடா இது, அதே முள்ளுதானே" என்று ஆசாரி முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஞ்சவர்ணம்கூட அதற்கு விளக்கம் சொல்லவில்லை. நாகஜோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள், பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்தாள், அழுகிற பிள்ளைக்குத் தாய் செய்வதைச் செய்தாள். வலிக்கட்டும், எத்தனை முள் வேண்டுமானாலும் விழட்டும் என்று முந்தானையை மூடி மாரில் வைத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் அவளைத் தள்ளியது. தள்ளிவிட்டு, சீனியம்மா தோளில் தொங்கிய பையைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது.

"கூட்டத்துல கூச்சப்படுது. வீட்டுக்குப் போனா குடிக்கும்" என்று சொல்லி, சீனியம்மா பையிலிருந்து புட்டியை எடுத்தாள். அவள் சொன்னதை அவளே நம்பவில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது.

ஊர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. மறுநாள் காலையிலேயே வண்டி வந்து வாசலில் நின்றது, வழியனுப்பப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், எதிர்வீட்டுக்காரி வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். நல்லபடியா போயிட்டு வா நாகஜோதி என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் காதுகள் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன.

டவுன் டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. நர்சம்மா சொன்னதுபோலவே அது ஒன்றுமே இல்லை. நாக்கைத் தூக்கினார், ஒரு நறுக்கு, வெற்றிலை போட்டதுபோலக் கொஞ்சம் ரத்தம், பஞ்சை வைத்து அமுக்கினார், முடிந்தது. இதற்கா, இதற்கா என்று நாகஜோதியின் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

"திரைக்குப் பின்னால நாற்காலி இருக்கு. இப்பவே பால் குடுங்க, அழுகை நின்னுரும்" என்றார் டாக்டரம்மா.

கருமலையான் திரைக்கு வெளியே பையோடு நின்றுகொண்டான். அவள் உள்ளே உட்கார்ந்து, ஜாக்கெட்டைத் தளர்த்தி, பிள்ளையை ஏந்தி வைத்தாள். கண்ணை மூடவில்லை. அனுசுயா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தது, அம்மாவின் நெஞ்சைப் பார்த்தது, புதிதாக அவிழ்த்துவிட்ட நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கிப் பார்த்தது. அந்த நாக்கு எவ்வளவு மெத்தென்று இருந்தது! மாரிலிருந்து ஒரு சொட்டு பால் தானாக ஊறி வந்து பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. அதற்கு ஏதோ விளையாட்டு என்று தோன்றியிருக்க வேண்டும், சிரித்தது. விரலால் காம்பைத் தட்டியது, திரும்பத் தட்டியது, அம்மா முகத்தைப் பார்த்துச் சிரித்தது. வாயை வைக்கவில்லை. அவள் வைத்துப் பார்த்தாள், நாடியைத் தொட்டுப் பார்த்தாள், குடி ஆத்தா, குடி தங்கம், இனிமேல் அம்மாவுக்கு வலிக்காது என்று காதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை அதற்கும் சிரித்தது. பிறகு சிணுங்க ஆரம்பித்தது.

"வலிக்குதா நாகு?" திரைக்கு வெளியிலிருந்து கருமலையான் கேட்டான்.

"இல்லீங்க."

"துளிகூட இல்லையா?"

"இல்லை."

அவன் பெருமூச்சு விடுவது உள்ளே கேட்டது. அப்புறம் போனில் சத்தமாகப் பேசுவது கேட்டது: "ஆத்தா, வலி நின்னுருச்சாம்! ஆமா, சுத்தமா நின்னுருச்சாம்! எல்லார்கிட்டயும் சொல்லிரு."

அவன் பேசி முடிக்கும்வரை நாகஜோதி காத்திருந்தாள். பிறகு திரையின் ஓரமாகக் கையை வெளியே நீட்டினாள்.

"அந்தப் பாட்டிலை எடுத்துக் குடுங்க" என்றாள்.